சிஸ்டர் பதில்கள்: "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?"

போன இதழ்ல குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய் பத்தி ரெண்டே ரெண்டு பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கல. குழந்தைங்க கேன்சர் வார்டுல 22 வருஷம் நர்ஸா இருந்தவ நான். ஊசி, டிரிப்ஸ், முதுகுல போடுற மருந்து எல்லாம் நாங்க பார்த்துக்குவோம், ஆனா கடைசியில வர்ற அந்த ரெண்டு வருஷத்து மாத்திரை இருக்கே, அது உங்க அடுப்படி அலமாரியில இருக்கு, அம்மா அப்பா பாட்டி கையில இருக்கு. வந்த கடிதம் எல்லாமே அந்த அலமாரியப் பத்திதான். பேர் வேண்டாம், ஊர் மட்டும் போட்டு பதில் சொல்றேன்.

கேள்வி: சிஸ்டர், என் பையனுக்கு ஆறு வயசு. ஏ.எல்.எல்.ங்கிற ரத்தப் புற்றுநோய். பெரிய கீமோ எல்லாம் முடிஞ்சு எட்டு மாசமா மெயின்டனன்ஸ் மாத்திரை, அதாவது நோய் திரும்பாம இருக்கக் குடுக்குற மாத்திரை, ஓடுது. முடி வளந்துடுச்சு, ஸ்கூலுக்குப் போறான், சைக்கிள் ஓட்டுறான். "நல்லா இருக்குற புள்ளைக்கு தினம் விஷத்தக் குடுக்குறியே, ஈரல் என்னத்துக்கு ஆகும்"னு மாமியார் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது விடேன்னு வீட்டுக்காரர் சொல்றார். அப்படி இப்படின்னு மாசத்துல நாலஞ்சு நாள் விட்டுப் போகுது. டாக்டர் கேட்டா "கரெக்டா குடுக்குறேன் சார்"னு சொல்லிட்டு வந்துடுறேன். ராத்திரி தூக்கமே இல்ல. (திண்டுக்கல் வாசகி)

பதில்: தூக்கம் வரலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே தெரியுது நீங்க எப்படிப்பட்ட அம்மான்னு. உங்கள திட்ட நான் எழுதல.

முதல்ல மாமியார் கேட்ட கேள்விக்கு வர்றேன், ஏன்னா அது நியாயமான கேள்வி, வார்டுல வாரத்துக்கு ஒருத்தராவது கேப்பாங்க. இந்த நோய்க்கு மருந்து வந்த கதையே அதுக்குப் பதில். 1947, 48ல பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர் அமினோப்டெரின்ங்கிற மருந்த 16 பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பார்த்தார், அதுல 10 பேருக்கு நல்ல மாற்றம் தெரிஞ்சது, படுத்த படுக்கையா இருந்த பிள்ளைங்க எந்திரிச்சு விளையாடுச்சு. அந்த மருந்து வந்தது எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில இருந்த ஆராய்ச்சிக் கூடத்துல இருந்து, அவர் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர், இத ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் எனக்குப் பெருமையா இருக்கும். ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு சில மாசத்துல நோய் திரும்பி வந்துடுச்சு. விளையாடிட்டு இருந்த பிள்ளைக்குத் திரும்பி வந்துடுச்சு, அதத்தான் கவனிக்கணும். கண்ணுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தெரியாத அளவுக்குக் கொஞ்சூண்டு செல் உள்ள ஒளிஞ்சு கிடக்கும், அத மாசக்கணக்கா விடாம அடிச்சாத்தான் அடங்கும்னு டாக்டருங்களுக்குப் புரிய அதுக்கு மேல பல வருஷம் ஆச்சு. உங்க பையன் சாப்பிடுற சிக்ஸ் எம்பி, அதாவது மெர்காப்டோபியூரின், 1953லயே வந்த மருந்து, அதக் கண்டுபிடிச்ச கெர்ட்ரூட் எலியனுக்கும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கும் 1988ல நோபல் பரிசு குடுத்தாங்க. நம்ம ஊர்லயும் 1980கள்ல அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூணும் ஒரே சிகிச்சை முறைய எடுத்துப் பண்ண ஆரம்பிச்ச பிறகுதான் பொழைக்கிற பிள்ளைங்க நல்லாவே கூடுனாங்க, அதுலயும் இந்த வீட்டு மாத்திரை ஒரு பெரிய பங்கு. உங்க பையன் நல்லா இருக்கிறது மாத்திரை ஓடுறதாலதான்மா. நல்லா இருக்கான்னு மாத்திரைய நிறுத்துறது, மழை நின்ன மாதிரி இருக்குன்னு நடு ஆத்துல தோணிய விட்டு இறங்குற மாதிரி.

ஈரல் பயமும் பொய் இல்ல. இந்த மாத்திரையில ரத்தத்துல ஈரல் என்சைம் அளவு கொஞ்சம் ஏறும், அதுக்காகத்தான் ஒவ்வொரு விசிட்லயும் ரத்தம் எடுக்குறாங்க, அதிகமா ஏறினா டாக்டரே குறைப்பார், சில நாள் நிறுத்தவும் செய்வார். அத அவர் பண்ணணும், நம்ம வீட்டு ஞாயித்துக்கிழமை பண்ணக் கூடாது.

இப்ப கணக்கு. அமெரிக்காவுல ஸ்மிதா பாட்டியான்னு ஒரு டாக்டர், எய்ம்ஸ்ல படிச்சவங்க, மாத்திரை பாட்டில் மூடியில ஒரு சிப் வெச்சு பாட்டில் எந்த நாள் திறந்ததுன்னு மாசக்கணக்கா பதிவு பண்ணி ஆராய்ச்சி பண்ணாங்க, 2012ல இருந்து வரிசையா வெளியிட்டிருக்காங்க. நூறு நாள்ல 95 நாளுக்கும் கீழ மாத்திரை எடுத்த பிள்ளைங்களுக்கு நோய் திரும்புற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேல இருந்துச்சு. 30 நாள்ல ரெண்டு நாள் விட்டாலே 95க்குக் கீழதான், எண்ணிப் பாருங்க. உங்களுக்கு நாலஞ்சு நாள் போகுது. பயமுறுத்த சொல்லல, ரெண்டு நாள்தானேன்னு வீட்ல யாராவது சொன்னா நீங்க பதில் சொல்லணும்ல, அதுக்காக.

இன்னொண்ணும் அந்த டாக்டர் குழு பார்த்தாங்க. வீட்ல எத்தனை நாள் குடுத்தீங்கன்னு கேட்டா சொல்ற கணக்கையும் மூடி காட்டுற கணக்கையும் ஒப்பிட்டா, கிட்டத்தட்ட நாலுல ஒரு குடும்பம் தொடர்ந்து கூட்டிச் சொல்லியிருந்துச்சு. அமெரிக்காவுலயும் அம்மாக்களுக்கு டாக்டர் முன்னாடி பயம்தான் போல, அப்பாக்களுக்கும்தான். நீங்க தனி ஆள் இல்லன்னு சொல்றேன்.

ஆனா விட்ட மாத்திரைய விட மறைச்ச மாத்திரைதான் எனக்குப் பயம். ஏன்னு கேளுங்க. இந்த மாத்திரையோட அளவ டாக்டர் வெள்ளை அணு கவுண்ட் பார்த்து ஏத்தி இறக்குவார். நீங்க நாலு நாள் விட்டா கவுண்ட் ஏறும். நீங்க கரெக்டா குடுத்தேன்னு சொன்னா அவர் என்ன நினைப்பார், இந்தப் பிள்ளைக்கு இந்த டோஸ் பத்தலன்னு கூட்டிடுவார். அப்புறம் உங்களுக்கு மனசு உறுத்தி அடுத்த மாசம் ஒரு நாள் விடாம அந்தக் கூட்டின டோஸக் குடுப்பீங்க, கவுண்ட் தடால்னு கீழ போகும், கிருமிய எதிர்க்க அணு இருக்காது, காய்ச்சல் வரும், வார்டுல சேக்கணும். இப்படியே நடந்து ஒரு பொண்ணு எங்க வார்டுல 18 நாள் கிடந்துச்சு, ஏன் கவுண்ட் இப்படி விழுந்ததுன்னு டாக்டருங்க மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க, கடைசியில அந்த அம்மா ராத்திரி டியூட்டியில இருந்த என்கிட்ட வந்து அழுதுகிட்டே சொன்னாங்க. அவங்க மேல மட்டும் தப்பில்ல. நாங்களும் "கரெக்டா குடுக்குறீங்களா?"ன்னுதான் கேட்டோம், அதுக்கு ஆமான்னு தவிர யாரு என்ன சொல்லுவா? அதுக்கப்புறம் நான் "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப் போச்சு?"ன்னு கேக்கப் பழகினேன், எல்லாரும் உண்மையச் சொன்னாங்க.

அதனால அடுத்த விசிட்ல உள்ள போன உடனே, டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே, "சார், எட்டு மாசமா மாசம் நாலஞ்சு நாள் விட்டுப் போயிருக்கு, பயத்துல சொல்லல"ன்னு சொல்லிடுங்க. வாய் வரலன்னா எழுதிக் குடுங்க. மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூடவே கூட்டிட்டுப் போங்க, ஈரல் கேள்விய அவங்களே டாக்டர்கிட்ட கேக்கட்டும், மருமக சொன்னா ஏறாதது டாக்டர் சொன்னா ஏறும். வீட்ல ஒரு தினசரி காலண்டர் இருக்கும்ல, மாத்திரை உள்ள போன பிறகுதான் அன்னைக்குத் தாள கிழிக்கணும், கிழிக்கிற வேலை பையனுக்கும் பாட்டிக்கும். பாட்டி கையில ஒரு பொறுப்பு வந்துட்டா அவங்களே "இன்னும் தாள் கிழிக்கலயே"ன்னு உங்கள விரட்டுவாங்க, நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: பொண்ணுக்கு நாலு வயசு, அதே நோய்தான். மாத்திரைன்னாலே ஓடுறா, வாந்தி எடுக்குறா, ஒரு மணி நேரம் போராட்டம். என் மனைவி அஞ்சு மாசம் கர்ப்பம், அவங்கதான் மாத்திரைய நுணுக்கி பால்ல கலந்து குடுப்பாங்க, சில நாள் கோவத்துல அடிச்சுடுறாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு வெறும் வயித்துல குடுக்கணும்னாங்க, இவ எட்டு மணிக்கே தூங்கிடுறா, அதுலயே பாதி நாள் போயிடுது. எனக்கு நைட் ஷிஃப்ட். (திருப்பூர் வாசகர்)

பதில்: தம்பி, இன்னைக்கே ஒரு காரியம் பண்ணுங்க. மாத்திரைய நுணுக்குற வேலைய உங்க மனைவிகிட்ட இருந்து வாங்கிடுங்க. இது கீமோ மருந்து, மாத்திரையா இருந்தாலும் கீமோதான், அந்தத் தூள் கர்ப்பமா இருக்குறவங்க கையில படக் கூடாது, மூச்சுல போகக் கூடாது. பிள்ளையோட வாந்தி, மூத்திரத் துணி அலசுறதும் வேற ஆள் கையுறை போட்டுப் பண்ணட்டும். நீங்க பண்ணாலும் கையுறையோடதான், சமையல் கரண்டி, அம்மிக்கல்லு எதுவும் வேண்டாம். நுணுக்காம எப்படிக் குடுக்குறது, தண்ணி மருந்தா கிடைக்குமா, கால் அரைன்னு பாதுகாப்பா எப்படி வெட்டுறதுன்னு ஆஸ்பத்திரி பார்மசியில கேளுங்க, காட்டித் தருவாங்க.

நேரத்துக்கு வர்றேன். ராத்திரிதான், வெறும் வயிறுதான், பால் ஆகவே ஆகாதுன்னு ரொம்ப வருஷம் நாங்களே சொல்லிட்டு இருந்தோம். நார்டிக் நாடுகள்லயும் அமெரிக்காவுலயும் இதப் பார்த்தப்ப, காலையா ராத்திரியா, சாப்பாட்டோடவா இல்லாமலான்னு எடுத்ததால நோய் திரும்புறதுல வித்தியாசம் தெரியல. இந்தக் கெடுபிடியாலயே மாத்திரை விட்டுப் போனா அதுதான் பெரிய நஷ்டம். அதனால டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, "சாயந்தரம் ஆறு மணிக்கு மாத்திக்கலாமா, கூட ஏதாவது சாப்பிடக் குடுக்கலாமா?"ன்னு. நீங்க ஷிஃப்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நேரம் வெச்சுக்கிட்டா நீங்களே குடுத்துட்டுப் போகலாம். வீட்ல பாதிப் பிரச்சனையே அம்மா மட்டும் ஓடுறதும் அப்பா போன்ல "குடுத்தியா?"ன்னு கேக்குறதும்தான், நீங்க அப்படி இல்ல, எழுதிக் கேட்டிருக்கீங்க.

பால் டம்ளர் நிறைய கலக்காதீங்க. பாதி குடிச்சுட்டு வெச்சுட்டா எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது, அப்புறம் பால் மேலயே வெறுப்பு வந்துடும். ஒரு ஸ்பூனுக்குள்ள முடியணும், மேல ஒரு வாய் பிடிச்ச ஜூஸ். குழந்தைகிட்ட "மாத்திரை சாப்பிடுறியா?"ன்னு கேக்காதீங்க, கேட்டா மாட்டேன்னுதான் வரும், நாலு வயசுக்கு அதுதான் பதில். "அப்பா மடியிலயா, அம்மா பக்கத்துலயா? செவப்பு டம்ளரா பச்ச டம்ளரா?"ன்னு கேளுங்க. மாத்திரை உண்டா இல்லையாங்கிறது பேச்சுக்கே வரக் கூடாது, எப்படிங்கிறது மட்டும் அவ இஷ்டம். மிட்டாய்னு பொய் சொல்லாதீங்க, ஒரு தடவ ஏமாந்துட்டா அடுத்து சாப்பாட்டையே சந்தேகப்படுவா. வாந்தி எடுத்தா திரும்பக் குடுக்கணுமா வேண்டாமாங்கிறது எவ்வளவு நேரத்துல எடுத்தாங்கிறதப் பொறுத்தது, உங்க டாக்டர் கணக்க முதல்லயே கேட்டு அலமாரிக் கதவுல எழுதி ஒட்டிடுங்க, நீங்களா ரெண்டாவது டோஸ் குடுக்காதீங்க.

அடிக்கிறது பத்தி. மாசத்துல அஞ்சு நாள் டெக்ஸா மாதிரி ஸ்டீராய்டு குடுக்குறாங்கன்னா அந்த வாரம் பிள்ளை வேற பிள்ளையா இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு சோறு கேக்கும், ஒண்ணுமில்லாததுக்கு அழும், கத்தும். அது மருந்து பண்ற வேலை. அந்த வாரத்துல உங்க மனைவிக்கு ஒரு ஆள் துணை வேணும், அவங்க அம்மாவோ தங்கச்சியோ யாராவது. வயித்துல ஒண்ணு, மடியில நோயோட ஒண்ணுன்னு இருக்குற பொண்ணு அடிச்சுட்டு அப்புறம் எங்கயோ உக்காந்து அழுதிருப்பா, எனக்குத் தெரியும். அவங்ககிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. கட்டில் மெத்தைக்கு அடியில 23 மாத்திரை கிடந்துச்சு சிஸ்டர். அவனுக்கு ரத்தம் கம்மி, அதுக்கு சத்து மாத்திரைன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம், கேன்சர்னு சொன்னா மனசு ஒடஞ்சுடுவான்னு பயம். அவங்க அப்பா பெல்ட்ட எடுத்துட்டார். (நாகர்கோவில் வாசகி)

பதில்: அந்த 23 மாத்திரைய ஒரு கவர்ல போட்டு, தூக்கிப் போடாம, டாக்டர்கிட்ட கொண்டு போங்க. எவ்வளவு நாளா நடக்குதுன்னு அவருக்குத் தெரியணும், டோஸ் விஷயத்துல நீங்களா எதையும் சரிக்கட்டாதீங்க, விட்டதுக்கு சேத்துவெச்சு குடுக்கவே கூடாது.

பையன் பக்கத்துல இருந்து யோசிங்க. வாய் கசக்குது, குமட்டுது, முகம் ஊதிப் போச்சு, கூட படிக்கிறவன் கிண்டல் பண்றான், இதெல்லாம் ஒரு சத்து மாத்திரைக்காகன்னு நினைக்கிறான். சத்து மாத்திரைன்னா யாரா இருந்தாலும் மெத்தைக்கு அடியில போடுவாங்க, நானும் போட்டிருப்பேன். எதுக்குன்னு தெரியாம 14 வயசுப் பையன் ரெண்டு வருஷம் தினமும் எப்படி முழுங்குவான்? அவனுக்குத் தெரியாதுன்னு நீங்க நினைக்கிறீங்க. ஆஸ்பத்திரி போர்டுல என்ன எழுதியிருக்கு, பக்கத்துல மொட்டைத் தலையோட யாரு உக்காந்திருக்கா, போன்ல மாத்திரை பேர போட்டா என்ன வருது, எல்லாம் பார்த்திருப்பான். அவன் கேக்காம இருக்குறது உங்களக் காப்பாத்த. எங்க வார்டுல ஒரு பையன் "அம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சு நான் சொல்லல சிஸ்டர்"னான். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அம்மா, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சுக்கிட்டு ஒரு வருஷம்.

சொல்லிடுங்கம்மா. டாக்டரையோ கவுன்சலரையோ பக்கத்துல வெச்சுக்கிட்டு சொல்லுங்க. நோயோட பேரு, அது சரியாகக் கூடிய நோய்ங்கிறது, இந்த மாத்திரை எதுக்குங்கிறது, எந்த மாசம் முடியுதுங்கிறது, நாலும் சொல்லணும். முடியுற மாசம் ரொம்ப முக்கியம், அந்த வயசுல ஒரு கரை தெரியாம நீந்த முடியாது.

அப்பாகிட்ட: பெல்ட்ட உள்ள வைங்க சார். அடிச்சா மாத்திரை மெத்தையில இருந்து ஜன்னலுக்கு வெளிய போகும், அவ்வளவுதான் நடக்கும். 12 வயசுக்கு மேல மாத்திரை தவறுறது அதிகம்னு நான் மேல சொன்ன ஆராய்ச்சியிலயே வந்திருக்கு, பெரிய பையனாயிட்டான்னு எல்லாரும் கைய விட்டுடுற வயசு அது. 2020ல வெளியான இன்னொரு ஆராய்ச்சியில, மாத்திரை நேரத்துக்கு பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் மொபைல்ல மெசேஜ் அனுப்பி, பெத்தவங்க கண்ணு முன்னாடி முழுங்க வெச்சுப் பார்த்தாங்க. மொத்தமாப் பார்த்தா பெரிய மாற்றம் இல்ல, ஆனா 12 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்ககிட்டயும் ஏற்கனவே அதிகமா தவறவிட்டவங்ககிட்டயும் பலன் தெரிஞ்சது. அதாவது உங்க பையன் மாதிரி பிள்ளைங்ககிட்ட. அதனால தினமும் ராத்திரி நீங்களும் உங்க பிரஷர் மாத்திரையோ சுகர் மாத்திரையோ இருந்தா எடுத்துட்டு வந்து அவன் கூட உக்காருங்க, ரெண்டு பேரும் ஒண்ணா முழுங்குங்க. ஒண்ணும் இல்லன்னா ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. வாயத் திறந்து காட்டுன்னு போலீஸ் மாதிரி நிக்க வேண்டாம், அன்னைக்கு மேட்ச் பத்திப் பேசுங்க. முடியலன்னா "இன்னைக்கு முடியலப்பா"ன்னு அவன் உங்ககிட்ட வந்து சொல்ற மாதிரி இருக்கணும், மெத்தைகிட்ட இல்ல.

கேள்வி: நான் தனியாத்தான் பொண்ண வளக்குறேன், காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போயிடுவேன். மாத்திரைய எங்கம்மா குடுப்பாங்க, அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் குடுக்க வேண்டிய மாத்திரைய போன வாரம் மறுநாளும் குடுத்துட்டாங்க. பிரச்சனை ஆகுமா? (சிவகங்கை வாசகி)

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்னைக்கே ஆசிரியர் குழுவுல இருந்து உங்களுக்கு போன் பண்ணச் சொல்லிட்டேன், பண்ணிட்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்த்துட்டீங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் இத எழுதுறேன். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: இந்த சிகிச்சையில தினசரி மாத்திரையோட சேர்ந்து வர்ற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள். அது தினமும் போனா வாய் புண்ணாகும், கவுண்ட் விழும், உயிருக்கே ஆபத்து. தவறிக் கூடுதலாப் போயிட்டா காத்திருக்கக் கூடாது, இதழுக்கு எழுதவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு போன், இல்லன்னா நேர்ல.

அம்மா மேல கோவப்படாதீங்க. தினசரி மாத்திரையும் வாராந்தர மாத்திரையும் சின்ன மஞ்ச மாத்திரையா இருந்தா படிச்சவங்களுக்கே குழம்பும். வாராந்தர மாத்திரைய தனி டப்பாவுல போட்டு நீங்களே வெச்சுக்குங்க, அந்த ஒரு நாள் நீங்க வேலை முடிஞ்சு வந்து உங்க கையால குடுங்க. வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துற வீடுன்னா அந்த நாளையே வாராந்தர நாளா வெச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மறக்காது. அம்மா கையில தினசரி மாத்திரை மட்டும், அதுவும் ஏழு நாள் டப்பாவுல நீங்க ஞாயித்துக்கிழமை போட்டு வெச்சது மட்டும். தனியா வளக்குற அம்மா வீட்ல மாத்திரை தவற வாய்ப்பு கூடுதல்னு அந்த அமெரிக்க ஆராய்ச்சியிலயும் வந்துச்சு, அது பாசக் குறைவால இல்ல, ரெண்டு கைதான் இருக்குங்கிறதால. மாத்திரை தீர்ந்து பஸ் காசு இல்லன்னு ஒரு வாரம் தள்ளிப் போடாதீங்க, ஆஸ்பத்திரியில மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்னு ஒருத்தர் உக்காந்திருப்பார், வாயத் திறந்து கேளுங்க, அதுக்குத்தான் அவர் இருக்கார்.

கேள்வி: பக்கத்து பெட்ல இருந்த பொண்ணுக்கு தினம் ஒரு மாத்திரை, அதே வயசு என் பையனுக்கு அரைதான். குறைவா குடுத்தா சரியாகுமா? (கடலூர்)

பதில்: ஆகும். உயரம், எடை, கவுண்ட், ஈரல் எல்லாம் பார்த்து முடிவு பண்றது அது. சில பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே இந்த மருந்த உடம்பு மெதுவாத்தான் கழிக்கும், நட்15ங்கிற ஜீன் மாற்றம் ஆசியக் குழந்தைங்ககிட்ட கொஞ்சம் கூடுதல், அவங்களுக்கு அரை மாத்திரையே அடுத்தவங்க ஒரு மாத்திரை வேலையப் பண்ணும். வாட்ஸ்அப் குரூப்ல டோஸ் கேட்டு மாத்தாதீங்க.

கேள்வி: பப்பாளி இலைச் சாறு கவுண்ட்ட ஏத்தும்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, மாத்திரையோட சேத்துக் குடுக்கலாமா? அடுத்த மாசம் குலசாமி கோயிலுக்கு மூணு நாள் போறோம், அந்த மூணு நாள் மாத்திரை எப்படி? (விருதுநகர்)

பதில்: சாறு வேண்டாம். கவுண்ட் எதனால ஏறுது எதனால இறங்குதுன்னு டாக்டருக்குப் புரியாமப் போயிடும், ஈரலுக்கும் கூடுதல் சுமை. ஏற்கனவே குடுத்திருந்தா மறைக்காம சொல்லிடுங்க, திட்டினா திட்டட்டும்.

கோயிலுக்குத் தாராளமா போய்ட்டு வாங்க, கவுண்ட் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, கூட்டம் கம்மியான நேரமா பார்த்து. மூணு நாளுக்கு அஞ்சு நாள் மாத்திரை எடுத்துக்குங்க, பஸ்ஸு வண்டி ஏதாவது தாமதம் ஆனாலும் இருக்கட்டும். பெட்டியில போடாதீங்க, உங்க கைப்பையில. டிஸ்சார்ஜ் சீட்டு ஒரு காப்பி, ஆஸ்பத்திரி நம்பர் ஒரு சீட்டுல. காய்ச்சல் அடிச்சா அங்க உள்ள கடையில மாத்திரை வாங்கிப் போட்டுட்டு பொங்கல் முடியட்டும்னு இருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க, சாமி கோவிச்சுக்காது.